பன்னிரண்டும் உள்ளே

ம்பிக்கா, ரயில் பணிமனைக்குப் பின்புறம்
ஜூலை மாதம், இரண்டாவது ஞாயிறு

சிலுஃப்யாவைப் பெற்ற மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் மருமகன் கசோண்டே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, இரு கைகளையும் மெல்லத் தட்டி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் சிலுஃப்யாவும் நலம். பேரன் லோம்பே செம்புச் சுரங்கத்து ஊரில் வேலையில் இருக்கிறான், அவனும் நலம். அங்கு உங்கள் முழங்கால், கேழ்வரகுக் குதிர், புதுக் கூரைத் தகரம் எல்லாம் நலம்தானா என்று அறிய ஆவல். "போன்ல பேசித் தொலைங்களேன், எதுக்கு இந்தக் காகிதம்" என்கிறாள் உங்கள் மகள். அழைப்புச் சடங்கு முடியும்வரை மாமியார் முகத்தையே பார்க்கக் கூடாது என்கிறபோது குரலை மட்டும் எப்படி அனுப்புவது? இருபத்தாறு வருடம் காத்த மரியாதையை ஒரு பொத்தானை அமுக்கிக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஆகவே எங்கள் கல்யாணத்துக்குத் தூது நடந்த கபாசோ அண்ணன் கையிலேயே இதையும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கண்ணாடி உடைந்திருப்பதால் அவரே படித்துக் காட்டுவார். (கபாசோ அண்ணே, இப்படி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் உங்களுக்கு மட்டும். சத்தமாகப் படிக்க வேண்டாம்.)

முதலில் நன்றி. ஏப்ரல் கடைசியில் நீங்கள் லாரியில் ஏற்றிவிட்ட பன்னிரண்டு விடைக்கோழிகளும் கூடையோடு பத்திரமாக வந்து இறங்கின. கூடவே கபாசோ அண்ணனும் இறங்கி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "ஏழு நாள் கூட்டுக்குள்ளயே அடைச்சு வைக்கச் சொல்லு. அப்பத்தான் அதுகளுக்கு வீடு எதுன்னு தெரியும். அறுப்பு முடிஞ்சதும் நானே வந்து எண்ணிப் பாப்பேன். பன்னெண்டும் பொழுது சாய தானா உள்ள போச்சுன்னா, ஆகஸ்ட்ல மருமகன வீட்டுக்குள்ள அழைச்சுருவோம்." உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து, சிலுஃப்யா கொண்டுவந்து வைக்கும் களியைத் தின்றுவிட்டு, உங்கள் காலடிச் சத்தம் கேட்டால் சோளக்கொல்லைக்குள் ஒதுங்கி நிற்கிறவன் நான். ஒரு வருடம் மழை பொய்த்தது, ஒரு வருடம் மாமா தவறிப்போனார், ஒரு வருடம் குதிரில் எலி புகுந்தது, அழைப்புச் சடங்கு தள்ளிக்கொண்டே போனது. எனக்குப் பின்னால் கல்யாணம் ஆன பயல்கள் எல்லாம் மாமியார் வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கிறார்கள். இப்போது என் முறை வந்திருக்கிறது, ஆனால் கோழிகள் கூட்டுக்குள் போனால்தான் நான் வீட்டுக்குள் போகலாம் என்று ஆகிவிட்டது.

தங்கள் ஆசியால் பன்னிரண்டும் நலம். போன வாரம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று நான் ஊரில் இல்லாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறேன். ஸ்டேஷனில் அவசர வேலை. (கபாசோ அண்ணே, இந்த மூன்று வரியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுங்கள்.)

கோழி வரும் என்று நீங்கள் சொல்லியனுப்பியதுமே கூட்டை நானே கட்டி வைத்தேன். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் கார்டாக வேலை பார்த்துவிட்டுச் சும்மா உட்காரத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவனுக்கு நீங்கள் ஒரு வேலை கொடுத்தீர்கள், அதற்கும் நன்றி. கழித்துப்போட்ட சிலீப்பர் கட்டை நான்கைக் கால்களாக நட்டு, இடுப்பு உயரத்தில் மூங்கில் தளம் போட்டு, மூங்கில் தட்டியால் நான்கு பக்கமும் சுவர் வைத்து, மேலே புல் வேய்ந்து, ஏறிப்போக ஒரு சின்ன ஏணியும் சாத்தினேன். "இதுல குடித்தனமே வைக்கலாம் போலிருக்கே" என்றாள் சிலுஃப்யா. அது எவ்வளவு தூரத்துக்கு உண்மையாகப் போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வந்து இறங்கியதும் கோழிகளை ஏழு நாள் அடைத்து வைத்திருக்க வேண்டும், அதுதானே நீங்கள் சொன்னது. அங்கேதான் நான் சறுக்கினேன். கூடையைத் திறந்து அவற்றைப் பார்த்தேன். உங்கள் முற்றத்தில் பொரித்து, உங்கள் கையால் தின்று வளர்ந்தவை. அவற்றின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூட்டுக்குள் போட்டு, வெளியே தாழ் போட எனக்கு மனம் வரவில்லை. சூ என்று விரட்டக்கூட வாய் வரவில்லை. உங்கள் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? புடிச்சு உள்ள போடுங்க."

"உங்கம்மா வீட்லேருந்து வந்தவங்கள வந்த அன்னிக்கே அடைச்சு வைக்கிறதா?"

"லோம்பே அப்பா, அது எங்கம்மா இல்ல. எங்கம்மா வளத்த கோழி."

"இருந்தாலும்."

"சரி, அப்ப அதுங்களப் பாத்தும் சோளக்கொல்லைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கங்க. நல்லாருக்கும்."

ஒளியவில்லை. ஆனால் அவை வழியில் நடந்து வந்தால் நான் ஓரமாக விலகி நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தீனியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பட்டப்பகலில் ஒரு புள்ளிக்கோழி சமையற்கட்டில் வந்து மாவுப் பாத்திரத்தில் ஏறி நின்றபோது, அதனிடம் நேராகச் சொல்லாமல், "சிலுஃப்யா, யாரோ மாவில் நிற்கிறாற்போல் இருக்கிறது" என்று சொல்லியனுப்பினேன். இந்த மரியாதையை எல்லாம் கோழிகள் நன்றாகப் புரிந்துகொண்டன. முதல் நாள் சாயங்காலம் இரண்டு என் சைக்கிள் கைப்பிடியில் அடைந்தன, நான்கு கக்கூஸ் கூரையில் அடைந்தன, மிச்சம் ஆறும் மாமரத்தின் உச்சிக்கிளையில். கூடு மட்டும் காலியாக, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

சரி, நமக்குத் தெரிந்த தொழிலில் இறங்குவோம் என்று ஒரு கால அட்டவணை எழுதிக் கூட்டின் கதவில் ஒட்டினேன். ஐந்து முப்பதுக்கு முதல் விசில், ஐந்து நாற்பதுக்கு இரண்டாவது விசில், ஐந்து நாற்பத்தைந்துக்குப் பச்சைக் கொடி. முப்பத்தொரு வருடத்தில் என் விசிலுக்கு அசையாத பயணி கிடையாது. பழைய தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்று ஊதினேன். கோழிகள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தன, பிறகு மரத்தில் ஏறின. ஆனால் இரண்டாவது விசிலுக்கு வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கப்வே அம்மாவின் ஆறு வாத்துகள் வரிசையாக வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ஏணியில் ஏறி, கூட்டுக்குள் போய், கொடி காட்டுமுன்பே உட்கார்ந்துவிட்டன. அவ்வளவு ஒழுங்கான பிராணிகளை நான் பார்த்ததில்லை. மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள் கப்வே அம்மா இடுப்பில் சுற்றிய சித்தெங்கேத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என்ன கார்டு ஐயா, என் வாத்தெல்லாம் உங்க வண்டியில ஏறிடுச்சாமே."

"நான் கூப்பிடல அம்மா. தானா வந்துச்சு."

"விசிலடிச்சுக் கூப்பிட்டத ஊரே கேட்டுச்சு. போன வாரம் வரைக்கும் ஒழுங்கா எங்க வீட்ல அடஞ்சதுங்க. இப்ப அஞ்சரை ஆனா வாசலையே பாக்குதுங்க."

"மன்னிச்சுக்கங்க. நான் கோழிக்குத்தான் ஊதினேன்."

"கோழி எங்க?"

நான் மாமரத்தைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு வாத்துகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சிரிக்காமல் போனதற்கு நான் இன்றும் நன்றியுள்ளவன், வேலியைத் தாண்டியதும் சிரித்தார் என்பது வேறு விஷயம்.

இதற்கு மேல் எழுத வேண்டியதை எழுத நேற்று முழுவதும் யோசித்தேன். அத்தை, பன்னிரண்டும் நலம் என்று மேலே எழுதியது பொய். விசிலும் பலிக்காமல், கூட்டுக்குள் விளக்கேற்றி வைத்ததும் பலிக்காமல் – விளக்குக்குப் பூச்சிதான் வந்தது, பூச்சியைத் தின்ன வாத்துகள் வந்தன – கடைசியில் இருட்டியபின் மரத்தில் ஏறி ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கூட்டில் விடலாம் என்று முடிவு செய்தோம். சிலுஃப்யா கீழே டார்ச் பிடித்தாள். ஐந்தைப் பத்திரமாக இறக்கினேன். ஆறாவதாக அந்த வெள்ளைக்கோழி, கழுத்தில் சிவப்பாக ஒரு இறகு இருந்ததே, அதற்குக் கை நீட்டினேன். மரியாதையோடு பிடித்தால் கோழி நிற்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அது பறந்தது, நான் விழுந்தேன். மரவள்ளிக்கீரை காயப்போட்டிருந்த பரண் மேல் விழுந்ததால் எலும்புக்குச் சேதம் இல்லை, கீரைக்குத்தான். மறுநாள் காலையில் வேலியோரம் வெள்ளை இறகுகள் கிடந்தன, காட்டுப்பூனையின் கால்தடமும் இருந்தது. நான் அந்த இறகுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோழிக்காக அறுபது வயது ஆண்பிள்ளை கண்கலங்கலாமா என்று கேட்பார்கள். அது கோழிக்காக மட்டும் இல்லை. நீங்கள் பன்னிரண்டை நம்பிக் கொடுத்தீர்கள், நான் பதினொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்தையில் இன்னொரு வெள்ளைக்கோழி வாங்கிக் கலந்துவிடலாமா என்று சிலுஃப்யாவிடம் கேட்டதையும் மறைக்கவில்லை. "எங்கம்மா கோழியோட மூஞ்சிய வச்சே அதோட அம்மா யாருன்னு சொல்லுவாங்க" என்று அவள் சொன்னதும் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

அப்புறம் இன்னொரு பொய். நீங்கள் வந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். நீங்கள் சனிக்கிழமை வருவதாகச் செய்தி. சனிக்கிழமை காலையே கப்வே அம்மாவின் வீட்டுக்காரரோடு போய்த் தங்கிவிடுவது என்று ஏற்பாடும் செய்திருந்தேன். ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் நான் எந்தக் கவலையும் இல்லாமல் என் கடைசி உபாயத்தைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், காலிப் பெட்டியில் யாரும் ஏற மாட்டார்கள், தள்ளித் தள்ளி நின்று சந்தேகமாக எட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு ஆள் மூட்டையோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எதையாவது தின்ன ஆரம்பித்தால் போதும், அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு ஏறுவார்கள். ஆகவே செருப்பை ஏணியடியில் விட்டு, தொப்பியைக் கம்பத்தில் மாட்டி, ஒரு தட்டுக் கேழ்வரகும் குடிக்க ஒரு புட்டி முன்கோயோவும் எடுத்துக்கொண்டு நானே கூட்டுக்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வாசலில் லாரி நிற்கிற சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் உங்கள் குரல் கேட்டது.

அத்தை, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெளியே வந்தால் நேருக்கு நேர் உங்கள் முகம். ஒதுங்குவதற்குச் சோளக்கொல்லை இல்லை. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, தட்டைக் கேழ்வரகு சிந்தாமல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன், மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன். மூங்கில் இடுக்கு வழியாக நீங்கள் பேசியது எல்லாம் கேட்டது.

"எங்கடி உன் புருஷன்?"

"ஊர்ல இல்லம்மா. ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு."

"செருப்ப விட்டுட்டா போயிருக்காரு?"

"புதுச் செருப்பு வாங்கத்தாம்மா போயிருக்காரு."

"தொப்பியையும் விட்டுட்டா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நீங்கள் ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொன்னீர்கள், கூட்டின் கதவோரமாகப் போட்டீர்கள், கூட்டுக்கு முதுகைக் காட்டி முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தீர்கள்.

"ஏ புள்ளைங்களா, ரெண்டு மாசமா ஒரு கூட்டுக்குள்ள போறதுக்கு இந்தப் பிகு பண்றீங்களாமே. ஒருத்தரு இருபத்தாறு வருஷமா என் வாசலுக்கு வெளியிலயே நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரு செத்தப்ப மூணு நாளு விறகு வெட்டிப் போட்டாரு, குழி வெட்டினாரு, மழையில நனஞ்சுக்கிட்டே மாமரத்தடியில படுத்தாரு. கூரை ஒழுகுதுன்னு எங்கேயும் நான் சொல்லல, தகரம் வந்து எறங்குச்சு, ஆளு மட்டும் உள்ள வரல. ஏன் இன்னும் அழைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியனுப்பல. எனக்கு வெக்கமா இருக்கு. இத அவருகிட்ட நேர்ல சொல்ல முடியாது, அதான் உங்ககிட்ட சொல்றேன். கேட்டுக்கங்க."

நான் கேட்டுக்கொண்டேன். கையிலிருந்த தட்டு ஆடியதில் கேழ்வரகு கொட்டியது, அந்தச் சத்தத்துக்குத்தான் முதல் கோழி ஏணியில் கால் வைத்தது. அது உள்ளே வந்து என்னைப் பார்த்தது. நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் இல்லாததால் அப்படியே இருந்தேன். அது என் மடியில் ஏறித் தின்ன ஆரம்பித்தது. அடுத்தது வந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்காமல், உங்கள் தோளுக்குப் பக்கமாக ஏணியில் ஏறுகிறவற்றை மட்டும் பார்த்து எண்ணினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணிக்கொண்டே போனீர்கள். பத்து என்றீர்கள். பதினொன்று என்றீர்கள். அதற்கு மேல் ஏறுவதற்கு முற்றத்தில் எதுவும் இல்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். சிலுஃப்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். எல்லாம் முடிந்தது, இனி சாகும்வரை மாமரத்தடிதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பன்னெண்டு" என்றீர்கள். "பன்னெண்டும் உள்ள இருக்கு. அதுல ஒன்னு மட்டும் நல்லாப் பெருத்திருக்கு."

அப்புறம் முகத்தைத் திருப்பாமலே கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, "ஏழு நாளு அடைச்சு வைக்கணும், இதுக்கு ஒரு ராத்திரி போதும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடப் போனீர்கள்.

அத்தை, நீங்கள் அவரைக்காயும் களியும் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, படுக்கும்வரை நான் அந்தக் கூட்டுக்குள் இருந்தேன். ஒன்று தலையில், இரண்டு தோளில், மிச்சம் எல்லாம் மடியிலும் காலிலும். கால் மரத்துப்போனது. சிலுஃப்யா வந்து தாழை நீக்கியபோது, "ஏங்க அழுவுறீங்க, கொத்திடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு இடத்தில் என்னைச் சேர்த்து எண்ணியது அன்றைக்குத்தான். வெள்ளைக்கோழியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்காததற்கு நன்றி. தாழ் போட்டதற்கும் நன்றி. ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்று கபாசோ அண்ணனிடம் நாள் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள், அதற்கு நன்றியாகக் கையை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோழிகளைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அன்று முதல் ஐந்தே முக்காலுக்குப் பதினொன்றும் விசிலும் இல்லாமல் கொடியும் இல்லாமல் தாமாகக் கூட்டில் அடைகின்றன. பயிற்சி முழுமையாக முடிந்துவிட்டது.

முழங்காலுக்குத் தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன். ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கம். மாமாவின் சமாதிக்குப் போனால் கசோண்டேயும் வரப்போகிறான் என்று சொல்லுங்கள். உங்கள் குதிர் நிறையட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், நீங்கள் இன்னும் பல அறுப்புப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் சில வாரத்துக்கு மட்டும் தூரத்தில் நிற்கும் உங்கள் மருமகன்,
கசோண்டே

பின்குறிப்பு: "தாமாக அடைகின்றன" என்று மேலே எழுதியதைச் சிலுஃப்யா படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் அவளே போன் செய்து சொல்லிவிடுவாளாம். அவை தாமாக அடைகின்றனதான், நான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தால். தினமும் ஐந்தரைக்கு நான் தவழ்ந்து போகிறேன், பதினொன்றும் ஏறி என் மேல் அமர்ந்து கண் சொருகும்வரை இருக்கிறேன், பிறகு ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டுப் பின்பக்கமாக நழுவி வருகிறேன். ஒன்று விழித்துக்கொண்டாலும் எல்லாம் என் பின்னாலேயே இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. என் சட்டையைக் கம்பில் மாட்டி உள்ளே வைத்துப் பார்த்தோம், ஏமாறவில்லை. சிலுஃப்யாவைப் போகச் சொன்னேன். "உங்கள நம்பித்தான வந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஆகஸ்ட் சடங்கன்று நான் பொழுது சாயுமுன் இங்கே வந்தாக வேண்டும், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம். இருபத்தாறு வருடம் காத்திருந்து உள்ளே வந்தவன் மத்தியானமே எழுந்து போகிறேன் என்றால் நன்றாக இருக்காது. நீங்கள் அனுமதித்தால் பதினொன்றையும் கூடையில் கொண்டுவந்துவிடுகிறேன். கபாசோ அண்ணன் என் கையைப் பிடித்து உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே அழைத்துப் போகும்போது, எனக்குப் பின்னால் அவையும் வரிசையாக வரும். கதவை அவசரப்பட்டுச் சாத்திவிட வேண்டாம், பன்னிரண்டு எண்ணிவிட்டுச் சாத்துங்கள்.